அண்ணனின் நாற்பத்திரண்டு படங்கள்

கடைத்தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவர். வேலையில் கெட்டி, வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாயில் அதிகம் அகப்பட்டவர் அவருடைய அண்ணன், பஸ் டிப்போ மெக்கானிக்.

இருவருக்கும் ஒரே பைத்தியம். வானத்தில் புகைபோல் பரவிக் கிடக்கும் நெபுலாவைப் படம் எடுப்பது. தம்பியிடம் உசத்தியான கருப்பு வெள்ளை கேமரா. அண்ணனிடம் யாரோ கழித்துக் கட்டிய கலர் கேமரா. அதில் கண்ணால் பார்த்துக் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும்.

"இது நட்சத்திரமா, பஞ்சு உருண்டையாண்ணே?" என்று அண்ணனின் படங்களைப் பார்த்துக் கடைசி வருடம் முழுக்கத் தம்பி கேலி செய்தார். அண்ணன் சிரித்து மழுப்பிவிடுவார்.

அந்த அண்ணன் ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில், டிப்போ படிக்கட்டில் விழுந்து செத்துப்போனார். கால் தவறிவிட்டது என்றார்கள்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவர் எடுத்ததையும் நீங்க எடுத்ததையும் சேர்த்து ஒரே படமாப் போட்டுக் குடுங்க, தம்பி. ரெண்டு பேர் கையும் அதுல இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பூட்டிய கடைக்குள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நுணுக்கத்துக்குத் தன் படங்கள், நிறத்துக்கு அண்ணனுடையவை. நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்தினால்தான் இரண்டும் ஒன்றாகும். அண்ணனின் நாற்பத்திரண்டு படங்களையும் கம்ப்யூட்டர் வெளியே தள்ளியது. பொருத்த நட்சத்திரமே அகப்படவில்லையாம்.

"ஓட்டைக் கேமரா" என்று திட்டிக்கொண்டே தேதிவாரியாகத் திறந்து பார்த்தார். முதல் படங்களிலேயே லேசான மங்கல். மாதம் ஏற ஏற நட்சத்திரங்கள் ஊதிப்போயிருந்தன. லென்ஸில் ஈரமோ, திருகு தளர்ந்ததோ என்று அந்தக் கேமராவையே எடுத்து, ஜன்னல் வழியாகத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தார். தொட்டியின் ஏணிக்கம்பிகூடத் துல்லியமாக விழுந்தது. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மங்கியது அண்ணனின் கண். தினமும் முப்பது பேரைக் கண் சோதிக்கும் நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் படிக்கச் சொல்கிறவர், கூடப் பிறந்தவரை ஒருநாளும் உட்காரவைக்கவில்லை.

தன் படங்களுக்கு மட்டும் நிறம் பூசிக் கொடுத்திருக்கலாம், அண்ணிக்குத் தெரியப்போவதில்லை. மனசு வரவில்லை. நாற்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகக் கையாலேயே நகர்த்திப் பொருத்தினார். முடிக்க நாலு ஞாயிறு ஆனது. செக்கச்செவேலென்று நெபுலா வந்தது. ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு மங்கல் வட்டம்.

அண்ணி படத்தை வாங்கி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். "இந்த மங்கல் அவரோடதா?"

"ஆமா அண்ணி. அவருக்குக் கண்ணு தெரியலைன்னு யாருமே எனக்குச் சொல்லலையே?"

அண்ணி படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "கடைக்குப் போய்க் காட்டுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் தம்பி. 'வேண்டாம், அவன் சிரிப்பான்'னுட்டாரு."

இல்லை என்று சொல்லக் கண்ணாடிக்காரர் வாயெடுத்தார். சிரித்திருப்பார்தான்.