தலையாட்டாத வரிசை

அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நலமாக்கா’ என்றால் வாசல் காவலாளி முதல் கொதிகலன்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். எதிரே யார் வந்தாலும் ‘நலமா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வழியை மறித்து நிற்பாள். ‘ம்’ என்றால் விடமாட்டாள். “ம்-னா என்ன? நல்லா இருக்கியா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லு” என்று பிடித்துக்கொள்வாள். அவசரமாகக் கழிவறைக்குப் போகிறவர்கள் அவளைக் கண்டால் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மனிதவளத் துறையில் இப்படி ஒருத்தி இருப்பது வரமா தொந்தரவா என்று அலுவலகத்தில் இரண்டு கட்சி உண்டு. இந்தக் கதை வரம் என்கிற கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் குணம் அவளுக்கு அப்பாவால் வந்தது. அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இரும்பைக் கடைந்து கடைந்து காது பாதி போய்விட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் சிரித்த முகத்தோடு தலையாட்டிவிடுவார். வீட்டுக் குழந்தைக்கு இதைவிட நல்ல விளையாட்டு உண்டா?

“அப்பா, பள்ளிக்கூடத்துக்குத் தீ வச்சுட்டு வரட்டுமா?”

“சரிம்மா, பார்த்துப் போ.”

வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை.

“காது போச்சுன்னு பட்டறையில தெரிஞ்சா, நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்கடி. அந்தப் பயத்துல எல்லாத்துக்கும் தலையாட்டிடறார். நீயும் சேர்ந்து அவரைக் கேலி பண்றியே.”

அன்றோடு விளையாட்டு நின்றது. ஆனால் ஒருவர் தலையாட்டினால் போதாது, வாயால் பதில் வர வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் அவளோடு வளர்ந்தது. நேர்காணலுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற வேலையில் சேர்ந்து, படித்து, பரீட்சை எழுதி, மனிதவள அதிகாரி ஆன பிறகும் அது போகவில்லை.

அவள் அதிகாரி ஆன புதிதில், எல்லா விதமான ஆட்களுக்கும் இடம் தருவோம் என்று நிர்வாகம் ஒரு கொள்கை கொண்டுவந்தது. காது கேளாத பெண்கள் சிலரை வேலைக்கு எடுத்தார்கள். அவர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்து, அதை வரவேற்பறையில் பெரிதாக மாட்டினார்கள். பிறகு அத்தனை பேரையும் பின்கட்டுக் கிடங்குக்கு அனுப்பி, பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வைத்தார்கள். படத்தோடு கொள்கை முடிந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்திக்குப் பட்டப்பெயர் ‘விசில்’. தனக்குக் கேட்காத விசிலை ஊரே திரும்பிப் பார்க்கும்படி அடிப்பாள். பல்லில் அதிர்வது சுகமாக இருக்கிறது என்பாள், கையால்தான். ஒரு நாள் அவள் நேராக மனிதவள அறைக்கு வந்து, நலமாக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிடங்கைக் காட்டினாள். ஆளுக்கொரு மூலை, நடுவில் கூரை வரை பெட்டிகள். கையால் பேசுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. விசில் தன் வாயில் பூட்டுப் போட்டுச் சாவியைத் தூர எறிவதுபோல் காட்டினாள். மொழி தெரியாத நலமாக்காவுக்கும் அது புரிந்தது.

அதன் பிறகு அவள் மேலிடத்தில் போட்ட சண்டை தனிக் கதை. கடைசியில் பேக்கிங் கூடத்தில் ஜன்னலோரமாக இருந்த வரிசையில் அவர்களை மற்றவர்களோடு கலந்து நிறுத்தினார்கள். முதலில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் இயந்திரம் போடும் சத்தத்துக்கு எல்லோருமே காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். வாய் இருந்தும் பிரயோஜனம் இல்லாத அந்த இடத்தில், கையால் பேசத் தெரிந்தவர்கள்தான் ராஜா. கொஞ்ச நாளில் ஜன்னலோர வரிசை முழுக்க விசிலின் மொழியைக் கற்றுக்கொண்டது. பெல்ட்டில் சோப்பு ஓடிக்கொண்டே இருக்கும், இவர்கள் கைகள் அரட்டை அடித்துக்கொண்டே இருக்கும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பணியாளர் நலன் ஆய்வு வந்தது.

வெளியிலிருந்து வந்த இளம் ஆய்வாளர் ஒவ்வொருவர் கையிலும் டேப்லெட்டைக் கொடுத்துக் கேள்வி கேட்டார். ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் பிரமாதம். முடிவை ஜி.எம். அறையில் திரையில் காட்டினார். எல்லா வரிசையும் பச்சைப் பசேல் என்று இருந்தது. ஜன்னலோர வரிசை மட்டும் சிவப்பு. குறைகளுக்கான இடத்தில் மற்றவர்கள் ஒன்றும் எழுதவில்லை. ஜன்னலோரத்துக்காரர்கள் கழிவறைத் தாழ்ப்பாளில் ஆரம்பித்து ஷிப்டு மாற்றம் வரை கொட்டித் தீர்த்திருந்தார்கள்.

நலமாக்கா திரைக்குப் பக்கத்தில் போய் அந்தச் சிவப்பை மறுபடியும் பார்த்தாள்.

ஜி.எம். கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம், கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். “மேடம், உங்க மேல தப்பு சொல்லல. நல்ல மனசோட செஞ்சீங்க. ஆனா கலந்து விட்டது ரெண்டு தரப்புக்கும் கஷ்டமா இருக்குன்னு ஆய்வே சொல்லுது பாருங்க. அந்தப் பொண்ணுங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், திரும்பக் கிடங்குலயே விட்டுடலாம். சாயந்தரம் தலைமை அலுவலகத்துக்கு எழுதிடறேன்.”

எண்ணெல்லாம் கண்ணெதிரே நிற்கும்போது என்ன வாதாடுவது? தான் ஆசைப்பட்டுச் செய்த ஒன்று அத்தனை பேரையும் வதைத்திருக்கிறதோ என்று முதல் முறையாகத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. விசிலிடம் தானே சொல்லிவிடுவது முறை என்று கூடத்துக்கு இறங்கிப் போனாள். வழியெல்லாம், விசில் மறுபடியும் அந்தப் பெட்டிச் சுவர்களுக்கு நடுவில் நிற்பதே கண்ணில் தெரிந்தது.

விசில் அவள் முகத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கட்டைவிரலை உயர்த்திப் புருவத்தைத் தூக்கினாள். அந்த வரிசையில் அதற்கு ‘நலமா?’ என்று பொருள். நலமாக்காவைக் கிண்டல் செய்யத்தான் அந்தச் சைகையே பிறந்தது.

நலமாக்கா சிரித்தபடி தலையாட்டினாள்.

விசில் விடவில்லை. ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். ‘திரும்பச் சொல்.’ பக்கத்தில் நின்றவளும் வட்டம் போட்டாள். எதிரே நின்ற ‘கண்ணாடி’, மூக்குக் கண்ணாடி போட்டவள், காது நன்றாகக் கேட்கிறவள், அவளும் வட்டம் போட்டாள். அந்த வரிசையில் அது சட்டம். தலையாட்டினால் பதிலாகாது. புரியாவிட்டால், நம்பாவிட்டால், வட்டம்.

நலமாக்காவுக்குச் சுரீர் என்றது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தலையாட்டலைப் பிடித்தவள், இப்போது தன் அப்பாவின் தலையாட்டலைத் தன் கழுத்திலேயே பிடித்தாள். மெல்லத் திரும்பி மற்ற வரிசைகளைப் பார்த்தாள். வரும் வழியில் அவர்களிடமும் ‘நலமா?’ என்று கேட்டிருந்தாள். அவள் உதடு மூடுவதற்குள் அத்தனை தலைகளும் ஆடியிருந்தன. டேப்லெட்டில் விழுந்த ஐந்துகள் எல்லாம் என்ன? விரலால் ஆட்டிய தலைகள்தானே!

ஓட்டமாக மாடி ஏறினாள். ஜி.எம். தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எதிரே ஆய்வாளர் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கீழே வாங்க. தம்பி, நீங்களும் வாங்க.”

“என்ன மேடம், இந்த நேரத்துல...”

“வந்து பாருங்க சார். அப்புறமும் கிடங்குதான்னு சொன்னீங்கன்னா, நானே பெட்டியெல்லாம் ஒதுக்கிக் கொடுக்கறேன்.”

முதல் வரிசைக்கு முன்னால் ஜி.எம்மை நிறுத்தினாள். அவர் வழக்கம்போல உரக்கக் கேட்டார்: “வேலையெல்லாம் நல்லாப் போகுதா?” எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

“இப்ப வேற கேளுங்க சார். நாளையிலேர்ந்து சம்பளம் கிடையாது, சம்மதமான்னு கேளுங்க.”

“ஐயோ, அது எப்படி மேடம்?”

“கேளுங்க சார்.”

கேட்டார். அதே சிரிப்பு, அதே தலையாட்டல். கடைசியில் நின்றவர் கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டினார். ஜி.எம். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அடுத்த வரிசைக்குத் தானாகவே போனார். “இந்த மெஷினை நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடட்டுமா?” தலைகள் ஆடின. அதற்கடுத்த வரிசைக்குப் போனபோது சிரிப்புக் குறைந்துவிட்டது. “நீங்க எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டார். அதற்கும் ஆடின. வருடா வருடம் இந்தக் கூடத்துக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டு, இதே பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக மாடி ஏறியவர் அவர். முகம் தொங்கிப்போய்விட்டது.

“இப்ப ஜன்னலோரம் வாங்க சார். சம்பளக் கேள்வியே கேளுங்க.”

கேட்டார். விசில் அவர் உதட்டையே பார்த்தாள். விரலால் வட்டம் போட்டாள்.

“திரும்பச் சொல்லச் சொல்றாங்க சார்.”

திரும்பச் சொன்னார், பாவம். விசிலின் கை காற்றில் பறந்தது. நொடியில் வரிசை முழுக்கக் கைகள் பறந்தன. யாரோ பொத்தானை அமுக்க, பெல்ட் நின்றது. கண்ணாடி இரண்டு காது அடைப்பான்களையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“என்ன சார் சொன்னீங்க? சம்பளம் கிடையாதா? யாரு முடிவு பண்ணது? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

ஜி.எம். ஓரடி பின்னால் போய் நலமாக்கா மேல் மோதிக்கொண்டார். “இல்லம்மா, இல்ல... சும்மாத்தான் கேட்டேன். சம்பளம் உண்டு!”

கண்ணாடி அதைக் கையால் சொன்னாள். விசில் யோசித்தாள். பெரிய மனிதர் இவ்வளவு தூரம் வந்ததை வீணாக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். கதவு, தாழ்ப்பாள், பிறகு வெறுங்கை என்று காட்டினாள். மொழிபெயர்க்காமலே அவருக்குப் புரிந்தது.

பின்னால் நின்ற ஆய்வாளருக்கு ஏதோ உறைத்தது. “அக்கா, வேலையை விட்டுப் போனவங்க எந்த வரிசைன்னு சொல்ல முடியுமா?”

“அடையாள அட்டை அடிக்கிறதே நான்தான் தம்பி. மத்த வரிசைக்கெல்லாம் புது முகத்துக்கு அடிச்சு மாளல. ஜன்னலோரத்துக்கு ஆரம்பத்துல அடிச்சதுதான். ஒருத்தரும் போகல.”

“அப்ப நான் தலைகீழாப் படிச்சிருக்கேன் சார்!” என்று அந்தப் பையன் கூடத்தின் நடுவில் கத்தினான். தப்பு தெரிந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவள் பார்த்ததில்லை. “இங்க குறை சொல்ல பயமில்ல, அதான் சொல்றாங்க. மத்தவங்க சொல்லாம ஒரு நாள் எழுந்து போயிடறாங்க!”

தலைமை அலுவலகத்துக்கு அன்று கடிதம் போகவில்லை. போனது வேறு அறிக்கை; எழுதியவர் ஆய்வாளர், கையெழுத்துப் போட்டவர் ஜி.எம். விசிலும் தோழிகளும் ஜன்னலோரமே நின்றார்கள். கிடங்கில் சீட்டு ஒட்டுகிற வேலை எல்லா வரிசைக்கும் முறைவைத்துப் பங்கானது. வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, கூடம் முழுமைக்கும் கைமொழி வகுப்பு நடந்தது. விசில்தான் வாத்தியார். தப்பாகச் செய்தவர்களை விசில் அடித்து மானத்தை வாங்கினாள். ஜி.எம்மும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கற்றார். அவரும் விசிலுக்குத் தப்பவில்லை. அடுத்த ஆய்வில் தொழிற்சாலை முழுவதும் மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. குறைகள் மலைபோல் குவிந்தன. மதிப்பெண் சரிந்ததற்கு விருந்து வைத்த ஒரே தொழிற்சாலை அதுவாகத்தான் இருக்கும். நலமாக்கா விருந்தில் நடனமே ஆடினாள், பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வீட்டில் ஒரே ஒரு ஆள் மட்டும் வழிக்கு வரவில்லை. அவளோடு இருக்கிற அப்பாவிடம் வட்டம் போடுகிற வித்தையை எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தாள். “எனக்கெல்லாம் நல்லாவே கேக்குது” என்று சொல்லிவிட்டுத் தலையாட்டுவார். பட்டறையை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும் அந்தப் பயம் அவர் கழுத்தை விடவில்லை.

மனிதவள மேலாளர் பதவி கிடைத்த அன்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, என்னை மேலாளர் ஆக்கிட்டாங்க!”

அப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். தலை ஆடத் தொடங்கி, நின்றது. ஆள்காட்டி விரல் மெதுவாக எழுந்து காற்றில் ஒரு வட்டம் போட்டது.

இன்னும் உரக்கச் சொன்னாள்: “மேலாளர் ஆயிட்டேன்பா!”

மறுபடியும் வட்டம்.

குனிந்து அவர் காதோடு வாய் வைத்துச் சொன்னாள். அப்பா மூன்றாவது தடவையும் வட்டம் போட்டார். அப்போதுதான் அவர் கண் சிரிப்பதைக் கவனித்தாள்.

“முதல் தடவையே கேட்டுடுச்சும்மா” என்றார். “நல்லா இருக்கு. இன்னொரு தடவை சொல்லு.”