செல்லையனுக்கு விழுந்த சிரிப்பு

மேடையில் மொழிபெயர்க்கிறவனுக்கு நாற்காலி உண்டு, சோடா உண்டு. கைதட்டல் மட்டும் பக்கத்து ஆளுக்கு. அடுத்தவருக்கு விழும் கைதட்டலைக் கேட்டுப் பல்லைக் கடித்தவர்கள் உங்களில் இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நான் எதற்கு?

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்கள் அவை. மலையாள ராஜ்யத்தில் இருந்த பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களையும் தமிழ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஓயாமல் கூட்டம் நடக்கும். பேச்சாளர் திருநெல்வேலியிலிருந்து வருவார். அவர் தமிழை மலையாளத்தில் சொல்ல, நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என்னைக் கூப்பிடுவார்கள்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும். பேச்சாளர் சிலேடை சொன்னதுமே சிரித்து முடித்துவிடுவார்கள். நான் அதையே மலையாளத்தில் சொல்லும்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்கள். பின்னே நான் எதற்கு என்று கமிட்டிச் செயலாளரிடம் கேட்டேன்.

"மொழிபெயர்க்க ஆளு இல்லேண்ணா சின்னக் கூட்டமுண்ணு நினைப்பாவ மக்கா. மைக்கு மாதிரி நீயும் வேணுமாக்கும்."

வரி

அமரவிளைக் கூட்டத்தில் பேச்சாளர், "புலவன் எழுதுவதும் வரி, சர்க்கார் பிடுங்குவதும் வரி!" என்றார். கூட்டம் சிரித்து உருண்டது. மலையாளத்தில் எழுதுவது வரி. பிடுங்குவதற்கு வேறு பெயர். "கவி எழுதியது வரி, சர்க்கார் வாங்குந்நது நிகுதி" என்றேன். ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. சும்மா இருந்திருக்கலாம். தமிழில் இரண்டும் ஒரே சொல் என்பதை விளக்க ஆரம்பித்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"சாரே, சிரிக்கச் சொல்லும், சிரிக்கோம். பாடம் எடுக்காதேயும்."

கரம்

அடுத்த கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல். அதே கோர்ட்டில் பக்கத்து மேஜை குமாஸ்தா செல்லையனை மேடையேற்றினார்கள். அதே பேச்சாளர், அதே வரி. செல்லையன் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "வோட்டு சோதிச்சு நீட்டியதும் கரம், ஜயிச்சிட்டு பிரிக்குந்நதும் கரம்!" என்றானாம். மலையாளத்தில் ஓட்டுக் கேட்டு நீட்டும் கையும் கரம், ஜெயித்தபின் வசூலிக்கும் வரியும் கரம். கூட்டம் இரண்டாம் தடவையும் சிரித்தது. எங்கள் பக்கத்தில் அதுவரை நடக்காத அதிசயம்.

என் மனைவி கூட்டத்துக்குப் போயிருந்தாள். எனக்குக் கஞ்சி ஊற்றும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாள். பேச்சாளர் கையைப் பற்றிப் பேசவே இல்லை, அது மொழிபெயர்ப்பே இல்லை என்று கத்தினேன்.

"நீங்க சொன்னா வெளங்கும். அவரு சொன்னா சிரிப்பு வருமாக்கும்."

பாறசாலை

பாறசாலையில் பெரிய கூட்டம். அந்த மேடை எனக்குத்தான் என்று சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். கமிட்டி முன்பாதியை எனக்கும் பின்பாதியைச் செல்லையனுக்கும் கொடுத்தது. நான் சர்க்காரைத் திட்டியதெல்லாம் சுண்ணாம்பு தடவவே சரியாகப் போயிற்று. அவன் மைக்கைத் தொட்டதுமே, "எலே, கரத்தைச் சொல்லு!" என்று கத்தினார்கள்.

மறுநாள் செல்லையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. நானும் துண்டு, பல்பொடி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். யாரும் வரவில்லை. அவனை வெளியே விட்டதும் மாலை போட்டு ஊர்வலமாக என் வீட்டு வழியாகவே கொண்டு போனார்கள். மனைவியும் வெளியே போய்க் கைதட்டினாள். ஜெயிலுக்குப் போனவன் மேல் பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பொறுக்கமுடியாமல் ஸ்டேஷனுக்கே போனேன். மேடைப் பேச்சைக் குறிப்பெடுக்கும் போலீஸ்காரர் கோட்டயத்துக்காரர், தமிழே தெரியாது. மொத்தக் கூட்டத்திலும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். நானும்தானே திட்டினேன், என்னை ஏன் பிடிக்கவில்லை என்று அவரிடம் கேட்டேன். பரிதாபமாகப் பார்த்தார்.

"சார் பறஞ்ஞதெல்லாம் ஞான் எழுதி. வாயிச்சு கேட்டப்போ இன்ஸ்பெக்டர் ஏமான் உறங்ஙிப்போயி."

வாசித்துக் கேட்ட மாத்திரத்தில் சர்க்காரையே தூங்க வைத்த ஒரே போராட்டக்காரன் நான்தான் என்று பெருமையடித்திருக்கலாம், ஆனால் அதையும் செல்லையன் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவான் என்பதால் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.