கரைவாசலின் முன்பக்கம்

அடம்பனில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கடையில் போட்டோக்கொப்பி எடுத்த சூட்டுக் கடதாசியின் மணம் மூக்கில் ஏறியது. 'கரைவாசலை' மறுபடி தொடங்கினால் என்ன என்ற எண்ணம் அந்த நொடியில்தான் வந்தது.

மன்னாரில் ரீச்சராக இருந்த என் சின்னம்மா போட்டோக்கொப்பி எடுத்து நடத்திய மாதச் சஞ்சிகை அது. அவருடைய சாப்பாட்டு மேசைதான் கந்தோர், ஆசிரியர் அலுவலகம் எல்லாம். காற்றுக்குப் பறக்காமல் தாள்களின்மேல் சங்குகள் இருக்கும், ஸ்ரேப்ளர் ஓயாமல் டக் டக்கென்று அடிக்கும், தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, பிள்ளைகள் முதல்நன்மை வாங்கியபோது எடுத்த படங்களைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்கள் கதிரைகளை நிறைத்துவிட, சிறுமியான எனக்கு மேசைக்கடியில்தான் இடம்.

"இந்த முறை என்ர மகளை முன்பக்கத்தில போடுங்கோ ரீச்சர்."

"போன முறை உங்கட மகன்தானே! சனம் இதை உங்கட குடும்ப அல்பம் எண்டெல்லோ நினைக்கும்" என்பார் சின்னம்மா.

பிறகு எல்லார் கையிலும் ஃபோன் வந்தது. படங்கள் சின்னம்மாவின் மேசைக்கு வருமுன்பே கனடாவிலிருக்கும் சொந்தங்களுக்குப் போய்ச் சேர்ந்தன, கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசி இதழின் முன்பக்கத்தில் முகமே இல்லை, வெறும் கடல். அதற்குப் பிறகு அவர் சஞ்சிகையைப் பற்றிக் கதைப்பதே இல்லை.

பஸ் மன்னார்ப் பாலத்தை நெருங்கும்போது, பொறுக்கமாட்டாமல் ஃபோனில் அவரை அழைத்து என் எண்ணத்தைச் சொன்னேன்.

"இப்ப ஆரடி படம் கொண்டந்து தரப்போகினம்?" என்றார்.

"ஒருத்தரும் கொண்டுவர வேண்டாம் சின்னம்மா. கமராவோட நானே வீடு வீடாப் போறன்."

"விசரி! முதல் ஆற்ற வீட்டை போகப்போறாய்?"

"உங்கட வீட்டைதான். அவ்வளவு இதழிலயும் உங்கட முகம் ஒருக்காலும் வரேல்லையே. மேசையைத் துடைச்சு வையுங்கோ, பஸ் பாலத்தில ஏறீட்டுது."