கழுத்துத் துண்டு

எங்கள் சொந்தத்தில் யாருக்காவது மர்மப் படம் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத்தான் போன் வரும். “அத்தான், ஞாயித்துக்கிழமைக்கு ஒரு படம் சொல்லுங்க” என்பான் முத்துப்பேட்டை மச்சினன். என் நிபந்தனை கடுமையானது. துப்பு எல்லாம் நம் கண் முன்னாலேயே வந்துபோயிருக்க வேண்டும். அப்படியும் முடிவு தூக்கிவாரிப் போட வேண்டும். கடைசிக் காட்சியில் இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவனை மன்னிக்கவே மாட்டேன்.

அந்த ஐப்பசியில் அடைமழை. வீட்டைச் சுற்றி வயலும் வாய்க்காலும் ஒரே வெள்ளக்காடு. தினம் மதியம் ஒரு படமாகத் தேர்ந்தெடுத்து என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். படத்தின் மேலுள்ள ஆசையால் அல்ல. என் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. தஞ்சாவூரில் ஊசி குத்திச் சதையெடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். ரிசல்ட் வந்திருக்கும், போய் வாங்கத் தைரியமில்லை, அவளிடம் சொல்லவும் தைரியமில்லை. அவள் கவனம் டிவியிலேயே கிடக்கட்டும் என்று நினைத்தேன். என்னைப் போல முட்டாள் உண்டா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நானே அல்லவா அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

முதலில் குற்றவாளியை இடைவேளைக்குள் சொல்லிவிடுவாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். படம் ஓடும்போது திரும்பினால் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பார்த்ததும் கண்ணை எடுக்கவும் மாட்டாள். முதுகு ஜில்லிட்டுப் போகும். சொந்த வீட்டில், பட்டப்பகலில், பெண்டாட்டிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள், கொலையாளி உள்ளே வரும் நேரத்தில் படத்தை நிறுத்தினாள். பாதி திறந்த கதவு திரையில் அப்படியே நின்றது. வெளியே மழைச் சத்தம் மட்டும்.

“யாருன்னு கண்டுபிடிச்சிட்டியா?” என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“பத்து நாளா சாப்பிடறப்பகூட கழுத்துலேர்ந்து துண்ட எடுக்கறதில்ல. ஷேவ் பண்ணக் கதவ சாத்திக்கிறீங்க. மோட்டார் சாமான் வாங்கன்னு தஞ்சாவூர் போனீங்க, வெறுங்கையோட வந்தீங்க. சட்டைய தோய்க்க எடுத்தா பாக்கெட்டுல லேப் ரசீது.”

என் கை தானாகத் துண்டை இழுத்து மூடியது.

உள்ளே போனவள் ஓர் உறையோடு வந்தாள். வலங்கைமானில் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவள், அந்த ரசீதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போயிருக்கிறாள். உறை பிரிக்கப்படாமல் இருந்தது.

“பாதிப் படத்துல கரண்ட் போனாலே தவிச்சுப் போறவ நான். மூணு நாளா இது என் தலகாணிக்கு அடியில கெடக்கு. பிரிக்கக் கை வரலங்க.”