சாய்மானம்

தலையை வலது தோள் பக்கம் சாய்த்துக்கொண்டுதான் அவர் கணினித் திரையைப் பார்ப்பார். கழுத்துச் சுளுக்குப் போலிருக்கிறது, பாவம் என்று புதிதாக வருகிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். சுளுக்குமில்லை, ஒரு மண்ணுமில்லை. சாய்ந்த எழுத்தை அதன் போக்கிலேயே சாய்ந்து பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அச்சகத் தெரு முழுக்க அவருக்குச் ‘சாய்மானம்’ என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் கோபம் வராது. “சொல்லுங்க” என்று திரும்புவார், தலை மட்டும் நிமிராது.

நோட்டீஸ், சுவரொட்டி, அழைப்பிதழ் என்று எது வந்தாலும் எழுத்து அமைத்துக் கொடுப்பது தொழில். கணினிக்குள் எழுத்து வகைகள் கொட்டிக் கிடக்கின்றன. அவர் உயிரை வைத்திருப்பது ஒன்றின் மேல்தான். தடித்த, வலப்பக்கம் சாய்ந்த, கோடு முடிகிற இடமெல்லாம் சின்னதாகக் குதிகால் வைத்த எழுத்து. மற்றவர்களுக்கு அது போல்டு இட்டாலிக். அவருக்கு ‘நம்ம ஆளு’. “மத்ததெல்லாம் நின்னு பேசும். நம்ம ஆளு பஸ்ஸப் புடிக்க ஓடிக்கிட்டே பேசுவான். குதிகால் இருக்கா, அதனால விழவும் மாட்டான்” என்பார்.

அதற்காகக் கண்ட இடத்தில் போடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. தள்ளுபடி விற்பனைக்குப் போடுவார், கடை திறப்புக்குப் போடுவார், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண் பெயருக்குப் போடுவார். அதுவும் ஒரு வரிதான். பத்தி முழுக்கப் போட்டால் ஊரே சேர்ந்து கத்துகிற மாதிரி இருக்குமாம். ஒரு பல் டாக்டர் தன் பெயர்ப்பலகைக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். “வேணாம் டாக்டர். வர்றவன்லாம் பயந்து ஓடுறான்னு போர்டே காட்டிக் குடுத்துடும்.” டாக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நேரான எழுத்தையே வாங்கிப் போனார்.

இரங்கல் அறிவிப்பென்றால் பேச்சுக்கே இடமில்லை. “மெலிசா, நேரா, நடுவுல. போனவங்கள ஓட விடக் கூடாது.”

இவ்வளவு தெரிந்த மனுஷன்தான் சொந்த அக்காவிடம் சறுக்கினார்.

அக்காவின் கணவர் சரக்கு லாரி ஓட்டியவர். அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தவர்கள் அபூர்வம். நின்றபடியே நாலு வாய், “வந்துடறேன்” என்று ஒரு குரல், அவ்வளவுதான். வண்டி ஓட்டுவதை விட்டதும் ஹாயாகக் கால் நீட்டி உட்காரப் போகிறேன் என்று ஒரு சாய்வு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தார். உட்காரத்தான் கொடுத்து வைக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த வண்டியிலேயே நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார்.

செய்தி கேட்டதும் தம்பி நேரே கடைக்குத்தான் ஓடினார். மாமாவின் பெயரை வழக்கமான மெல்லிய எழுத்தில் வைத்துப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. யார் யார் சாவுக்கோ போட்ட எழுத்தா என் மாமாவுக்கு? தன்னிடம் இருப்பதிலேயே நல்லதைக் கொடுத்தாக வேண்டும் என்று தோன்றியது. அழுதுகொண்டே கொடுத்துவிட்டார். ‘நம்ம ஆளு’ மாமாவின் பெயரைத் தூக்கிக்கொண்டு தாளின் குறுக்கே ஓடினான்.

தெருவெல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் அக்கா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “உசுரோட இருந்த வரைக்கும் ஓட்டம்தான். இப்பவாச்சும் அவர நிமுந்து உக்கார வெச்சிருக்கக் கூடாதாடா தம்பி?”

கத்தியிருந்தால் தேவலை. ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பார். அவள் அந்த ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுவாரமே நேரான எழுத்தில் அழகாக ஒரு பிரதி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதுவும் போகும், அப்படியே திரும்பி வரும். “அதான் நேரா அடிச்சிட்டியேப்பா, குடுத்துட வேண்டியதுதானே?” என்று பக்கத்துக் கடை பைண்டர் கேட்டதற்கு, “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுண்ணே குடுக்குறது?” என்றார்.

போன வாரம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தே விடுவது என்று கிளம்பினார். அக்கா அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் யாரும் உட்காராத அந்த நாற்காலி. அதற்கு மேல் அலமாரித் தட்டில், பழைய அறிவிப்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் சாய்ந்து நின்றது. சட்டம் கோணலாக இடப்பக்கம் சரிந்திருந்தது. கோணலைக் கண்டால் கை சும்மா இருக்காது அவருக்கு. நேராக்கப் போனார். வலது மூலைக்கு அடியில் ஒரு தீப்பெட்டி, செங்குத்தாக. எவன்டா இதை இங்கே வைத்தது என்று அதைப் பாதி உருவியவர் பெயரைப் பார்த்துவிட்டார். சட்டம் சரிந்த சரிவில், ஓடிக்கொண்டிருந்த எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்றுவிட்டது.

“அத எடுத்துடாதடா” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. “தெனமும் தொடைச்சிட்டு அப்படித்தான் வெக்கிறேன்.”

தலை சாயாமல் மாமாவின் பெயரை ஒருமுறை வாசித்தார். கண் மறைத்தது. பையைத் திறக்கவே இல்லை. பாதி வெளியே வந்திருந்த தீப்பெட்டியை ஒரு விரலால் மெல்ல உள்ளே தள்ளினார்.