பல்லில் கடிபட்ட அடுக்கு

ஈரக் களிமண் வாசனை, சின்ன வயதில் ஒளிந்து தின்ற மண்ணை நாக்குக்குக் கொண்டுவருகிறது. எருத்தேன்பதியில் பஸ் நிற்க, இறங்கி நடக்கிறேன். சாலையோரம் பாதி வெட்டிய கிணறு. தண்ணீர் காணாததால் இன்றோடு நிறுத்தப்போகிறார் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான மயிலாத்தா. நிலவியல் ஆய்வாளர் ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் நிறமும் பருமனும் பார்த்து, நோட்டில் அடையாளமாக ஓர் எழுத்திடுகிறார். தண்ணீர் கண்ட பக்கத்துக் கிணற்றின் அடுக்குகளோடு ஒப்பிடுகிறார். கடைசியில் அடிமண்ணைக் கிள்ளிக் கடிக்கிறார்.

“ஏனுங்க, ஊட்டுல சோறு போடலீங்களா?” என்கிறார் மயிலாத்தா.

“களின்னா வழுக்குமுங்க. இது நறநறங்குது, வண்டல். அந்தக் கிணத்துலயும் இதுக்குக் கீழதான் சரளை, சரளையிலதான் தண்ணி. நிறுத்தாதீங்க.”

மேலேறிவிட்ட ஆட்களை மயிலாத்தா மறுபடி இறக்குகிறார். ஜீப்பில் ஏறும் ஆய்வாளரிடம் சொல்கிறார்:

“தண்ணி வந்தா சோறு திங்க வாங்க. வராட்டியும் வாங்க, மிச்ச மண்ணையும் நீங்கதான் திங்கோணும்.”