நீர் நிற்கும் இருபது நிமிடம்

ஈசா டிரெவர் இருபத்திரண்டு வருஷம் நண்டுக்கூடு போட்டுப் பிழைத்தவள். கடல் ஓட்டத்தில் மின்சாரம் எடுக்கும் கம்பெனி ஈடே தீவுக்கு வந்தபோது, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்க கடல்ல விசிறியை முக்கிட்டு எங்களை எங்க போகச் சொல்றீங்க?" என்று கத்தியவளும் அவள்தான். மூன்றே வருஷத்தில் அவள் தோள்பட்டை கூடு தூக்க மறுத்தது. அதே கம்பெனியின் வேலைப்படகை ஓட்டப் போனாள்.

"முக்கின விசிறியை நீயே துடைக்கப் போறியாமே?" என்று ஊர் சிரித்தது.

"ஆமா. உங்க வீட்டு டீக்கெண்டி சூடாகணுமில்ல?" என்றாள்.

தம்பி எர்லண்ட் அங்கே மெக்கானிக். இயந்திரம், தண்ணீரில் மிதக்கும் நீண்ட மஞ்சள் உருளை. இருபுறமும் கடலுக்குள் இறக்கி, மேலே தூக்கக்கூடிய இரண்டு கைகள், நுனியில் விசிறிகள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஓட்டம் இருபது நிமிடம் அடங்கி நிற்கும். உருளையில் படகைக் கட்டி ஆள் ஏறுவதும் இறங்குவதும் அதற்குள்தான்.

மார்ச்சில் ஒரு காலை, இயந்திரத்தின் இடது கை மேலே வராமல் பாதியில் சிக்கிக்கொண்டது. புது இயந்திரங்களுக்குப் பணம் போடுகிறவர்கள் மறுநாள் பார்க்க வருவதாக ஏற்பாடு. எர்லண்டும் இன்னொரு மெக்கானிக்கும் உருளைக்குள் இறங்கினார்கள். பதினெட்டாம் நிமிடம் தண்ணீரில் சுருக்கம் விழுந்ததை ஈசா பார்த்தாள்.

"எர்லண்ட், மேல வா. ஓட்டம் திரும்பிருச்சு."

"அஞ்சு நிமிஷம் குடு."

"படகுக் கயிறு அறுந்துரும்டா!"

"அப்ப அவுத்துட்டுப் போ. இப்படியே விட்டா மத்தியானக் காத்துல கை பிஞ்சுரும். அடுத்து நீர் நிக்கிறப்ப நாங்க வர்றோம்."

படகில் கூட இருந்த பையனிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். சொன்ன வாயை அப்புறம் ஆறு மணி நேரம் சபித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குக் காற்று ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பியது; கடல் எழுந்து நின்றது. அவள் படகிலிருந்து அரை மைல் தள்ளி, மஞ்சள் உருளை மூழ்குவதும் முளைப்பதுமாக இருந்தது. முதலில் வயர்லெஸ்ஸில் பதில் வந்தது. பதினொன்றரைக்குப் பிறகு ஒன்றுமில்லை. "எர்லண்ட்... எர்லண்ட்..." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டதா? கை முறிந்து உருளையைக் குத்திவிட்டதா?

கரையிலிருந்த மேனேஜர் வயர்லெஸ்ஸில், "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா? மீட்புப் படகு வந்தா பேப்பர்ல வந்துரும், நாளைக்கு..." என்று இழுத்தார்.

"என் தம்பி உள்ள இருக்கான். கூப்பிடுறியா, நான் கூப்பிடட்டுமா?"

அவர் பதில் சொல்லும்முன் அவளே கூப்பிட்டுவிட்டாள். மீட்புப் படகு வந்து அவள் படகின் பக்கத்தில் நின்றது. அந்த ஓட்டத்தில் அதனாலும் உருளையை நெருங்க முடியவில்லை. நாற்பது நிமிடம் எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது உருளையின் இடது கை மெல்ல, மிக மெல்ல, நீர் வடிய மேலே எழும்பியது.

ஈசா படகின் சுக்கான் சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ஒன்றே முக்காலுக்கு நீர் நின்றது. இன்னொரு மெக்கானிக்கின் பின்னால் எர்லண்ட் மேலே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. அவன் இடது கையில் இரண்டு விரல் நசுங்கித் துணி சுற்றியிருந்தது. "வயர்லெஸ் எண்ணெய்க்குள்ள விழுந்துருச்சு, ஈசா," என்றான். அவள் அவனைத் திட்டிய திட்டை மீட்புப் படகுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மறுநாள் வந்தவர்கள் இயந்திரத்தின் கை ஏறி இறங்குவதைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆறு இயந்திரம் கேட்ட கம்பெனிக்கு ஒன்றுக்குத்தான் பணம் வந்தது. தீவிலிருந்து எதிர்க்கரைப் பெருநிலத்துக்குப் போகும் மின்கம்பி ஏற்கனவே நிரம்பி வழிகிறதாம், அதற்கு மேல் எடுத்து எங்கே அனுப்புவது என்றார்கள். எர்லண்ட் அந்தக் கோடையிலேயே வேலையை விட்டு கப்பல்துறைக்குப் போனான்.

ஈசா போகவில்லை. பதினைந்தாம் நிமிடம் ஆள் மேலே வராவிட்டால் மறுமுறை அவனைத் தன் படகில் ஏற்றமாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாள்.

"மெஷின் போனா?"

"போகட்டும்."

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த நாள் காலை, புது மெக்கானிக் உருளைக்குள் இறங்கியதும், அவள் கடிகாரத்தைக் கழற்றிச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்க்கத் தொடங்கினாள்.